மன அழுத்தத்துக்காக சிக் லீவில் இருக்கும்போது வேறு வேலைக்கு இன்டர்வியூ போகலாமா? (பிரிட்டன்)

வைகறை:
எல்லோருக்கும் வணக்கம். பிரிட்டன் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேலை நெருக்கடியால் வந்த மன அழுத்தம் என்று ஜி.பி (குடும்ப டாக்டர்) 4 வாரத்துக்கு ஃபிட் நோட் (வேலை செய்யும் நிலையில் இருக்கிறேனா என்று சொல்லும் மருத்துவச் சான்று) கொடுத்திருக்கிறார். அதில் 2 வாரம் முடிந்துவிட்டது. லீவு எடுப்பதற்கு முன்பே விண்ணப்பித்த ஓர் இடத்திலிருந்து அடுத்த வியாழன் காலை 11 மணிக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கம்பெனி முழுச் சம்பளத்தோடு சிக் பே தருகிறது.

போகலாமா? போவதை இப்போதைய கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டுமா? புது இடத்தில் "ஏன் லீவு, எத்தனை நாள் லீவு" என்று கேட்டால் என்ன சொல்வது? நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில். "மாட்டினால் உடனே டிஸ்மிஸ்" என்று ஒருவர், "அது உன் சொந்த விஷயம்" என்று இன்னொருவர்.

ஒற்றையடி:
போகலாம். சிக் லீவில் இருப்பவர் இன்டர்வியூவுக்குப் போகக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வேறு வேலை தேடுவதை இருக்கிற முதலாளியிடம் சொல்லவேண்டிய பொதுவான கடமையும் தொழிலாளிக்குக் கிடையாது. லீவில் இல்லாதபோது எப்படியோ அப்படித்தான் இப்போதும்.

ஆனால் "அது என் சொந்த விஷயம்" என்று அதோடு விட்டுவிடவும் முடியாது. ஃபிட் நோட் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அது உங்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லவில்லை, குறிப்பிட்ட தேதிவரை வேலை செய்யும் நிலையில் நீங்கள் இல்லை என்கிறது. ஒரு மணி நேரம் ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து உங்கள் அனுபவத்தைப் பற்றிப் பேசுவது வேலை செய்வது ஆகாது. தினமும் எட்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், உங்களை நோகடித்த அதே மேனேஜர், அதே டார்கெட்டுகளோடு இருப்பது வேறு. நெருக்கடியின் காரணம் அந்த இடத்திலேயே இருக்கிறது என்றால், அங்கே போக முடியாதவருக்கு வேறோர் இடத்தில் பேச முடிவதில் முரண்பாடு எதுவும் இல்லை. பல டாக்டர்களே வேலையை மாற்றுவதை ஒரு தீர்வாகப் பேசுவார்கள்.

டிஸ்மிஸ் என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்றால், 2015இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போன மெட்ரோலைன் வெஸ்ட் வழக்கிலிருந்து. ஒரு பஸ் டிரைவர் வேலையிடத்தில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி லீவில் இருந்தார். தன்னால் என்னென்ன முடியாது என்று அவர் சொன்னதும், கம்பெனி ரகசியமாக எடுத்த வீடியோவில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. உடம்பு சரியில்லை என்று பொய்யாக விடுப்பு எடுப்பது நேர்மையின்மை, அது வேலை ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவது என்று தீர்ப்பாயம் சொன்னது. அங்கே பிரச்சினை அவர் வெளியே நடமாடியதில் இல்லை. சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்று இருந்ததில்தான்.

ஆகவே உங்களுடைய மூன்று பேச்சும் ஒத்துப்போக வேண்டும்: டாக்டரிடம் சொன்னது, கம்பெனியிடம் சொன்னது, புது இடத்தில் சொல்லப்போவது. டாக்டரிடமும் எச்.ஆரிடமும் "படுக்கையை விட்டு எழவே முடியவில்லை, யாரோடும் பேச முடியவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வாரத்தில் மூன்று பேர் கொண்ட குழு முன்னால் ஒன்றரை மணி நேரம் பிரசன்டேஷன் கொடுத்தால் பதில் சொல்வது கடினம். "அந்த வேலையிடத்தை நினைத்தாலே தூக்கம் போகிறது, படபடப்பு வருகிறது" என்பது உண்மையாக இருந்து, அதையே எழுதியும் இருந்தால் சிக்கல் இல்லை.

நெடுந்தூரம்:
ஒற்றையடி அண்ணா சொல்வது சட்டப்படி சரி. ஆனால் மேனேஜர் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் வேறு. ஆள் இல்லாமல் மற்றவர்கள் இரட்டை வேலை பார்க்கிறார்கள், கம்பெனி முழுச் சம்பளம் கொடுக்கிறது, இவர் கோட் போட்டுக்கொண்டு இன்டர்வியூ போகிறார் என்று காதில் விழுந்தால் எந்த மேனேஜருக்கும் நம்பிக்கை போகும். விசாரணை வைப்பார்கள். மன அழுத்தத்தில் இருப்பவருக்கு அந்த விசாரணைக் கடிதமே போதும், நிலைமை மோசமாகும். என் கருத்து: இன்டர்வியூவை லீவு முடிந்தபிறகு தள்ளி வைக்கக் கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

ஒற்றையடி:
விசாரணை வரலாம் என்பது உண்மை. தள்ளி வைக்கக் கேட்பதிலும் தப்பில்லை, பல இடங்களில் ஒரு வாரம் தருவார்கள். ஆனால் விட்டுவிடச் சொல்வதை ஏற்க மாட்டேன். நோய்க்குக் காரணமே அந்த வேலை என்றால், வெளியே போகும் வழியை அடைத்துவிட்டுக் குணமாகச் சொல்வது எப்படி?

விசாரணை வந்தாலும் முதலாளி எதைக் காட்ட வேண்டும் என்று பாருங்கள். 1978இல் வந்த பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ் வழக்கின் அளவுகோல்தான் இன்றைக்கும்: தவறு நடந்தது என்று முதலாளி உண்மையிலேயே நம்பினாரா, நம்புவதற்கு நியாயமான ஆதாரம் இருந்ததா, நியாயமான அளவுக்கு விசாரித்தாரா. "இன்டர்வியூவில் பார்த்தேன்" என்பது மட்டும் நோய் பொய் என்பதற்கு ஆதாரம் ஆகாது. உங்கள் ஜி.பி அல்லது ஆக்குபேஷனல் ஹெல்த் (ஊழியர் உடல்நலத்தைப் பார்க்கக் கம்பெனி ஏற்பாடு செய்வது) டாக்டரிடம் கேட்காமல் முடிவெடுத்தால் விசாரணையிலேயே ஓட்டை. ஆகாஸ் (வேலைத் தகராறுகளுக்கான அரசு சார்ந்த அமைப்பு) நடைமுறைக் கோவையைக் காரணமில்லாமல் பின்பற்றாத முதலாளி வழக்கில் தோற்றால், தீர்ப்பாயம் இழப்பீட்டை 25 சதவீதம்வரை கூட்டலாம்.

ஓர் எச்சரிக்கை. சாதாரண அநியாய டிஸ்மிஸ் வழக்குப் போட இதுவரை 2 வருட சேவை வேண்டியிருந்தது. 2025ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டம் 2027 ஜனவரி 1 முதல் அதை 6 மாதமாகக் குறைக்கிறது. சேவைக்காலம் அந்த அளவைத் தொடாதவருக்கு மேலே சொன்ன பாதுகாப்பு மிகவும் மெல்லியது. அப்படிப்பட்டவர் நெடுந்தூரம் சொன்னதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிப் பாகுபாட்டு வழக்குக்கு மட்டும் சேவைக்காலக் கணக்கு இல்லை. மன அழுத்தம் தனியாக மாற்றுத்திறன் என்ற வரையறைக்குள் வராமல் போகலாம். அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்து, 12 மாதம் நீடித்தால் அல்லது நீடிக்கக்கூடும் என்றால் 2010 சமத்துவச் சட்டத்துக்குள் வரும். வட அயர்லாந்தில் அந்தச் சட்டம் இல்லை, அங்கே 1995 மாற்றுத்திறனாளிப் பாகுபாட்டுச் சட்டம்தான்.

மருதாணி:
ஃபிட் நோட் பற்றி ஆட்கள் நிறையப் பிழையாக விளங்கி வைத்திருக்கினம், அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் 7 நாளுக்கு நோட் தேவையில்லை, நீங்களே எழுதிக் கொடுக்கலாம். சனி ஞாயிறும் அந்த 7க்குள் அடங்கும். எட்டாம் நாளில் இருந்துதான் நோட். 2022 ஜூலையில் இருந்து டாக்டர் மட்டுமில்லை, நர்ஸ், பார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆட்களும் தரலாம். கைக்கையொப்பமும் இப்போது அவசியமில்லை, மொபைலுக்கு வரும் நோட்டே செல்லும்.

நோட்டைத் திறந்து வடிவாகப் பாருங்கோ. இரண்டு பெட்டி இருக்கும். ஒன்று "நீங்கள் வேலைக்குத் தகுதியாக இல்லை". மற்றது "பின்வரும் ஆலோசனையைக் கவனத்தில் எடுத்தால் தகுதியாக இருக்கலாம்". இரண்டாவதில் புள்ளடி போட்டால் அதற்குக் கீழே நான்கு வழி இருக்கும்: படிப்படியாகத் திரும்புவது, நேரத்தை மாற்றுவது, கடமைகளை மாற்றுவது, வேலைத்தலத்தில் மாற்றம் செய்வது. நோட் பெறும் அன்றே டாக்டரிடம், "நான் வேறு வேலை பார்க்கிறேன், ஒரு நேர்முகத் தேர்வு வரப்போகிறது, அது என் உடல்நிலைக்குப் பாதிப்பா?" என்று கேளுங்கோ. அவர் சொல்வது உங்கள் மெடிக்கல் ரெக்கார்ட்டில் பதியும். பின்னுக்கு யாராவது கேள்வி கேட்டால் அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும். இதைப் பலர் செய்வதில்லை. டாக்டரிடம் சொன்னால் கம்பெனிக்குப் போய்விடும் என்று பயம். உங்கள் சம்மதம் இல்லாமல் ஜி.பி கம்பெனிக்கு அறிக்கை குடுக்க ஏலாது. சம்மதம் குடுத்தாலும் 1988 மருத்துவ அறிக்கை அணுகல் சட்டப்படி, அனுப்ப முன்னம் நீங்கள் பார்க்கக் கேட்கலாம்.

இன்னொன்று, நோட் முடியும் தேதிக்கு முன்னம் நலம் வந்தால் திரும்பிப் போகலாம். "தகுதி வந்துவிட்டது" என்று இன்னொரு நோட் வாங்கத் தேவையில்லை.

இனி உங்கள் உடம்பைப் பற்றி. உண்மையில் நேர்முகத் தேர்வுக்குப் போகிற நிலையில் இருக்கிறீர்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கோ. மன அழுத்தத்தில் முதலில் அடிபடுவது நித்திரையும் ஞாபகமும். தெரிந்த சொல்லே வாயில் வராது, கேள்வியின் கடைசிப் பகுதி வரும்போது முதற் பகுதி மறந்துவிடும். மனச்சோர்வு, படபடப்புக்குத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ மாத்திரையைப் புதிதாகத் தொடங்கியிருந்தால் முதல் ஒன்றிரண்டு கிழமை படபடப்பும் வயிற்றுக் குமட்டலும் கூடலாம். பலன் தெரியவே சில கிழமை எடுக்கும். அந்த நாட்களில் தேதி விழுந்தால் தள்ளிப்போடக் கேட்பது நல்லது. தன்பாட்டில் மாத்திரையை ஒரு நாள் நிறுத்திப் பார்க்காதேங்கோ.

போவது என்று முடிவெடுத்தால், முந்தின நாள் நான்கு சம்பவங்களை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கோ: என்ன நிலைமை, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன. பெரும்பாலான கேள்விகள் அந்த நான்கில் ஒன்றுக்குள் அடங்கும். அந்தத் தாளை மேசையில் வைக்கலாமா என்று கேட்டால் அநேகமாக ஓம் என்பார்கள்.

வைகறை:
மருதாணி அக்கா, நன்றி. டாக்டரிடம் சொல்லலாம் என்பதே இப்போதுதான் தெரிகிறது. கேள்விகளை முன்கூட்டியே கேட்டு வாங்கலாமா? அப்படிக் கேட்டால் நோய் இருக்கிறது என்று தெரிந்துவிடாதா?

தேம்ஸ்கரை:
ஆள் எடுக்கும் பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

கேட்கலாம். கேள்விகளை அரை மணி நேரம் முன்னால் தருவது, நடுவில் 5 நிமிட இடைவெளி, நேரில் வராமல் வீடியோவில் செய்வது, இவையெல்லாம் நிறைய இடங்களில் யார் கேட்டாலும் செய்துகொடுக்கிறார்கள். காரணத்தைச் சொல்லவேண்டிய அவசியமில்லை. மாற்றுத்திறன் வரையறைக்குள் வருபவர் சொன்னால் சட்டப் பாதுகாப்பு வலுவாகும், சொல்லாவிட்டால் ரகசியம் உங்களோடு இருக்கும். இரண்டையும் எடைபோட்டு முடிவெடுங்கள்.

அடுத்து முக்கியமானது. 2010 சமத்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவு: வேலை தருவதாகச் சொல்லும் முன்பு உங்கள் உடல்நிலையைப் பற்றி முதலாளி கேட்கக்கூடாது. "போன வருடம் எத்தனை நாள் சிக் லீவு?" என்பதும் உடல்நிலைக் கேள்விதான். உங்கள் பழைய முதலாளியிடம் ரெஃபரன்ஸில் அதைக் கேட்பதும் அப்படியே. விதிவிலக்கு சில உண்டு: இன்டர்வியூவுக்கு ஏதாவது வசதி வேண்டுமா என்று கேட்கலாம். அந்த வேலையின் உயிர்நாடியான ஒரு செயலை உங்களால் செய்ய முடியுமா என்று கேட்கலாம். கணக்கெடுப்புக்காகத் தனித் தாளில் கேட்கலாம்.

யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் சட்டம் பேசிச் சண்டை போட வேண்டாம். "இந்த வேலைக்குத் தேவையானதைச் செய்வதில் எனக்குத் தடை எதுவும் இல்லை" என்பது உண்மையானால் அதைச் சொல்லிவிட்டு வேலையைப் பற்றித் தொடருங்கள். செய்யவே கூடாதது, "ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை" என்ற பொய். சொல்லாமல் விடுவது வேறு, பொய் சொல்வது வேறு.

"இப்போது வேலையில் இருக்கிறீர்களா?" என்றால் "ஆம், இன்ன கம்பெனியில் இன்ன பதவியில்". அது உண்மை, ஒப்பந்தம் அமலில் இருக்கிறது. "நேற்றுக்கூட அந்தப் பிராஜெக்ட்டில் வேலை செய்தேன்" என்று ஆரம்பித்தால்தான் கால் வழுக்கும். கடந்த காலத்தில் பேசுங்கள்: "மார்ச் வரை அந்தக் குழுவை நடத்தினேன்". "ஏன் மாறுகிறீர்கள்?" என்பதற்கு இப்போதைய மேனேஜரைத் திட்டி ஒரு வார்த்தையும் வேண்டாம். எந்த மாதிரி வேலை உங்களுக்கு நன்றாக வருகிறதோ அது இந்தப் புது இடத்தில் எங்கே இருக்கிறது என்று வேலை விவரத்திலிருந்தே எடுத்துக் காட்டுங்கள்.

வேலை தருவதாகச் சொன்ன பிறகு உடல்நிலைப் படிவம் வரலாம். அப்போது கேட்பது சட்டப்படி சரி. கேள்வியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 2009இல் செல்ட்டனம் நகர மன்றம் தன் முன்னாள் நிர்வாக இயக்குநர்மேல், மனச்சோர்வு இருந்ததைப் படிவத்தில் மறைத்தார் என்று வழக்குப் போட்டுத் தோற்றது. "வழக்கமாக நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறீர்களா?" என்பதற்கு அவர் ஆம் என்றது பொய் ஆகாது என்றது நீதிமன்றம். கேட்டதற்கு நேரான பதில் போதும், கேட்காததை அள்ளிக் கொட்ட வேண்டாம். ஆனால் "கடந்த 2 வருடத்தில் மன அழுத்தத்துக்காக விடுப்பு எடுத்தீர்களா?" என்று நேராகக் கேட்டிருந்தால் ஆம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: காரணம் குறிப்பிட்ட வேலைச் சூழல், இப்போது என்ன நிலை. பொய்யாக "இல்லை" என்று எழுதிய படிவம் பல வருடம் கழித்தும் உங்களை வேலையிலிருந்து எடுக்கக் காரணமாகலாம்.

நெடுந்தூரம்:
ரெஃபரன்ஸ் கேட்டுப் புது இடம் நேராக மேனேஜருக்கே மெயில் போட்டுவிட்டால்?

தேம்ஸ்கரை:
விஷயம் வெளியே கசிவது பெரும்பாலும் அப்படித்தான். படிவத்தில் "வேலை உறுதியாகும் முன் இப்போதைய முதலாளியைத் தொடர்புகொள்ள வேண்டாம்" என்ற கட்டம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மெயிலில் எழுதிக் கேளுங்கள். ரெஃபரன்ஸுக்கு மேனேஜர் பெயரைக் கொடுக்காமல் எச்.ஆர் முகவரியைக் கொடுங்கள். பல கம்பெனிகள் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி மட்டும்தான் தரும். ரெஃபரன்ஸ் தந்தே ஆகவேண்டும் என்று பொதுவாகச் சட்டம் இல்லை, நிதித்துறை போன்ற சில இடங்களில் மட்டும் உண்டு. தந்தால் கவனமாகத் தரவேண்டும் என்பது 1994இல் அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த கார்டியன் அஷ்யூரன்ஸ் வழக்கிலிருந்து நிலைத்த சட்டம்.

கசியும் மற்ற வழிகள்: கம்பெனி லேப்டாப்பில் சி.வி திறப்பது, அவுட்லுக் காலண்டரில் இன்டர்வியூ நேரத்தைப் போட்டுவைப்பது, கம்பெனி டீம்ஸ் கணக்கு உள்ளே இருக்கும்போது அதே கணக்கில் வீடியோ கால் திறப்பது. ஏஜென்சி உங்கள் அனுமதி இல்லாமல் சி.வியை அனுப்பி, அது உங்கள் கம்பெனிக்கே போய்ச் சேர்வதும் உண்டு. ஏஜென்சிக்கு "ஒவ்வொரு இடத்துக்கும் என்னைக் கேட்டபிறகே அனுப்பவும்" என்று எழுத்தில் கொடுங்கள். லிங்க்டின்னில் "வேலை தேடுகிறேன்" பச்சை வளையம் வேண்டாம். ரிக்ரூட்டர்களுக்கு மட்டும் என்ற தேர்வு உண்டு, ஆனால் உங்கள் கம்பெனிக்காரர் கண்ணில் படாது என்று லிங்க்டின்னே உறுதி தருவதில்லை.

கணக்குப்பிள்ளை:
பணப் பக்கத்தை யாரும் தொடவில்லை. உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது என்பேன்.

இன்டர்வியூவுக்குப் போனதால் எஸ்.எஸ்.பி (சட்டப்படி கம்பெனி தரவேண்டிய குறைந்தபட்ச சிக் பே) நிற்காது. 2025-26இல் அது வாரத்துக்கு 118.75 பவுண்ட், 2026 ஏப்ரலிலிருந்து 123.25. அதிகபட்சம் 28 வாரம். முதல் 3 நாளுக்குப் பணம் இல்லை என்ற பழைய விதி 2026 ஏப்ரல் 6இல் போய்விட்டது, முதல் நாளிலிருந்தே உண்டு. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு சராசரி வாரச் சம்பளத்தில் 80 சதவீதம் அல்லது மேலே சொன்ன தொகை, எது குறைவோ அது.

கம்பெனி தரும் சிக் பே வேறு, அது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் இந்த மூன்றைத் தேடிப் படியுங்கள். ஒன்று, சிக் பே கம்பெனியின் விருப்பத்துக்கு உட்பட்டது என்று எழுதியிருக்கிறதா. இரண்டு, லீவில் இருக்கும்போது சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ வேறு வேலை செய்யக்கூடாது என்ற ஷரத்து. மூன்று, விலகினால் சிக் பேயைத் திருப்பித் தரவேண்டும் என்ற ஷரத்து. மூன்றாவது எல்லோர் ஒப்பந்தத்திலும் இராது, இருந்தால் அடிக்கோடு போடுங்கள்.

இரண்டாவது ஷரத்தில் சிக்குவது இன்டர்வியூ அல்ல, "டிரையல் ஷிஃப்ட்". அரை நாள் வந்து வேலை செய்து காட்டுங்கள் என்பார்கள். உணவகம், கடை, பராமரிப்பு இல்லம், கிளினிக் இவற்றில் சகஜம். அது வேலை. சம்பளம் தராவிட்டாலும் வேலைதான். ஃபிட் நோட் இருக்கும் தேதிக்குள் அதைச் செய்யாதீர்கள். நோட் முடிந்தபிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள், அல்லது அந்த நாளுக்கு வருடாந்திர லீவு போடுங்கள். சிக் லீவின் நடுவில் வருடாந்திர லீவு எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கேட்பதற்கான முன்னறிவிப்பு லீவு நாட்களைப் போல் இரு மடங்கு, அதாவது 1 நாள் லீவுக்கு 2 நாள் முன்பு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால். ஆனால் லீவு போட்டாலும் ஒப்பந்தத்தில் "வேறு இடத்தில் வேலை கூடாது" என்ற ஷரத்து அப்படியே இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

புது வேலையின் முதல் நாளும் பழைய சிக் பேயின் கடைசி நாளும் ஒன்றின்மேல் ஒன்று விழவே கூடாது. ஒரு வாரம்தானே என்று நினைத்து இரண்டு பக்கமும் வாங்குபவர்கள் மாட்டும் இடம் இது. இரண்டு கம்பெனியின் சம்பளப் பிரிவும் சம்பளம் கொடுக்கும்போதெல்லாம் வரித்துறையான எச்.எம்.ஆர்.சிக்குத் தகவல் அனுப்புகின்றன, தேதிகள் தாளில் நிற்கும். இன்டர்வியூவைப் பற்றிச் சொல்ல ஆயிரம் நியாயம் உண்டு, இதற்கு ஒன்றுகூட இல்லை.

சிக் லீவில் இருந்துகொண்டே ராஜினாமா கொடுக்கலாம், திரும்பிப் போய் ஒரு நாள் வேலை பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவர் தரவேண்டிய சட்டக் குறைந்தபட்ச நோட்டீஸ் 1 வாரம், ஒப்பந்தத்தில் அதிகம் இருந்தால் அதுதான். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: 1996 தொழிலாளர் உரிமைச் சட்டத்தின் 87 முதல் 91 வரையான பிரிவுகளின்படி, எஸ்.எஸ்.பி மட்டும் வாங்கிக்கொண்டிருப்பவர் ராஜினாமா கொடுத்தால் அந்த ஒரு வாரச் சட்ட நோட்டீஸுக்கு முழுச் சம்பளம் கேட்கலாம். விதிவிலக்கு இருக்கிறது. கம்பெனி உங்களுக்குத் தரவேண்டிய நோட்டீஸ், சட்டக் குறைந்தபட்சத்தைவிட ஒரு வாரமோ அதற்கு மேலோ அதிகமாக ஒப்பந்தத்தில் இருந்தால் இந்த உரிமை கிடையாது. உதாரணம்: 3 வருட சேவைக்குச் சட்டப்படி கம்பெனி தரவேண்டியது 3 வாரம். ஒப்பந்தத்திலும் 3 வாரம் என்றால் உரிமை உண்டு, 4 வாரம் என்றால் இல்லை.

சிக் லீவிலும் வருடாந்திர லீவு சேர்ந்துகொண்டே போகும், சட்டப்படி வருடத்துக்கு 5.6 வாரம். விலகும்போது எடுக்காத நாட்களுக்குப் பணம் கடைசிச் சம்பளத்தில் வரவேண்டும். முழுச் சம்பளக் கணக்கில், சிக் பே கணக்கில் அல்ல.

கடல்தாண்டி:
ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். சம்பளமில்லாமல் வருடத்தில் மொத்தம் 4 வாரத்துக்கு மேல் போனால் ஸ்பான்சர்ஷிப் (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அனுமதி பெற்ற கம்பெனி, அதாவது ஸ்பான்சர், விசாவுக்குத் தரும் பொறுப்பு) போகும் என்ற விதிக்கு சிக் லீவு விலக்கு. ஆனால் நோட் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டு நோட்டுக்கு நடுவில் தேதி விட்டுப்போனால் அனுமதியில்லாத விடுப்பாகிவிடலாம், தொடர்ந்து 10 வேலை நாள் அப்படிப் போனால் ஸ்பான்சர் ஹோம் ஆபீஸுக்கு (உள்துறைக்கு) தெரிவித்தாக வேண்டும்.

இன்டர்வியூ போக எந்தத் தடையும் இல்லை. வேலை கிடைத்தால் முதல் கேள்வி: அவர்கள் ஸ்பான்சரா, புதுச் சான்றிதழ் தருவார்களா, சம்பளம் வரம்பைத் தொடுகிறதா. 2025 ஜூலை 22 முதல் பொது வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண்ட். 2024 ஏப்ரல் 4க்கு முன்பிருந்தே இந்த விசாவில் தொடர்பவர்களுக்கும் ஹெல்த் அண்ட் கேர் விசாக்காரர்களுக்கும் கணக்கு வேறு. புது விசா முடிவு வரும் முன்பு புது வேலையைத் தொடங்கக்கூடாது. மனம் வெறுத்து முதலில் ராஜினாமா கொடுத்துவிட்டு அப்புறம் தேடலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்பான்சர் தெரிவித்தபிறகு ஹோம் ஆபீஸ் விசாவைச் சுருக்கி வழக்கமாக 60 நாள்தான் தரும். இந்த விசாவில் இருப்பவருக்கு சிக் லீவில் இருந்தபடியே இன்டர்வியூ போவதுதான் பெரும்பாலும் பாதுகாப்பான வரிசை.

என்.எச்.எஸ்ஸில் (பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையில்) இருப்பவர்கள் சிக் பே எப்போது பாதியாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்தில் 1 மாதம் முழுச் சம்பளம், 2 மாதம் பாதி. 5 வருடம் முடிந்தவர்களுக்கு 6 மாதம் முழு, 6 மாதம் பாதி. இன்னொரு டிரஸ்ட்டுக்கு (என்.எச்.எஸ் மருத்துவமனைகளை நடத்தும் அமைப்புக்கு) மாறும்போது உங்கள் சேவை விவரங்கள் மின்னணுப் பதிவில் கூடவே போகும், அதனால் அங்கே வேறு கதை சொல்ல நினைப்பது வீண்.

வைகறை:
இவ்வளவு விவரமாகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒரு புதுச் சிக்கல். அதே வியாழன் காலை 10.30க்கு ஆக்குபேஷனல் ஹெல்த் போன் கால் வைத்திருப்பதாக எச்.ஆரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. "உடம்பு முடியவில்லை, வேறு நாள் கொடுங்கள்" என்று கேட்டுவிடலாமா?

ஒற்றையடி:
அதை மட்டும் எழுதாதீர்கள். இந்த இழையில் பேசியதில் உண்மையிலேயே வேலைக்கு உலை வைக்கக்கூடியது இந்த ஒரு வரிதான். போன் காலுக்கே முடியாத அளவு நோய் என்று எழுதிய அதே மணி நேரத்தில் இன்டர்வியூவில் இருந்தது தெரிந்தால், பஸ் டிரைவர் வழக்கில் நடந்ததுதான் இதுவும். அப்போது ஃபிட் நோட் முழுவதும் சந்தேகத்துக்குள் போகும்.

இரண்டில் ஒன்றை நகர்த்துங்கள். முதலில் இன்டர்வியூ இடத்தில் பிற்பகல் 2 மணிக்கு மேல் முடியுமா என்று கேளுங்கள். அவர்கள் மறுத்தால் எச்.ஆருக்கு எழுதுங்கள். உள்ளடக்கம் இவ்வளவு போதும்: மெயில் கிடைத்தது, வியாழன் காலை ஏற்கனவே ஒப்புக்கொண்ட வேறு சந்திப்பு இருக்கிறது, வியாழன் பிற்பகலோ வெள்ளி முழுவதுமோ வர முடியும், இரண்டில் எது வசதி. நோய் என்ற சொல்லே அதில் வரக்கூடாது. என்ன சந்திப்பு என்று விளக்கவும் வேண்டாம். மாற்று நேரம் கட்டாயம் கொடுங்கள், ஒத்துழைக்க மறுத்தார் என்ற பேச்சு வராது. இன்றைக்கே அனுப்புங்கள், முதல் நாள் இரவு அனுப்பினால் வேறு மாதிரித் தெரியும்.

மருதாணி:
அந்தப் போன் காலில் என்ன கதைப்பது என்பதையும் யோசித்து வையுங்கோ. ஆக்குபேஷனல் ஹெல்த் ஆள் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவார், அனுப்ப முன்னம் எனக்குக் காட்டுங்கோ என்று காலின் தொடக்கத்திலேயே கேளுங்கோ. "இந்த இடத்தில், இந்த நிலைமையில் ஏலாது" என்பது உங்கள் நிலை என்றால் அப்படியே சொல்லுங்கோ. வேலைப் பளு, கட்டுப்பாடு, ஆதரவு, உறவுகள், பொறுப்பு, மாற்றம் என்று வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான எச்.எஸ்.இ ஆறு தலைப்பு வைத்திருக்கிறது. எந்தத் தலைப்பில் எது நடந்தது என்று தேதியோடு சொன்னால் அறிக்கையிலும் அந்த வடிவில் வரும். "எந்த வேலையும் ஏலாது" என்று சொல்லாதேங்கோ, அது உண்மையும் இல்லை.

வைகறை:
இன்டர்வியூ இடத்தில் பிற்பகல் 2.30க்கு மாற்றிக்கொடுத்துவிட்டார்கள், காரணம் கேட்கவில்லை. போன் கால் 10.30க்கே இருக்கட்டும் என்று எச்.ஆருக்கு எழுதிவிட்டேன். புதன் காலை ஜி.பியிடம் போன் அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்கிறது, இன்டர்வியூ விஷயத்தை அப்போது சொல்லிப் பதிய வைக்கிறேன். ஒப்பந்தத்தில் சிக் பே திருப்பித் தரும் ஷரத்து இல்லை, வேறு வேலை கூடாது என்ற ஷரத்து இருக்கிறது. டிரையல் ஷிஃப்ட் கேட்டால் நோட் முடியும் தேதிக்குப் பிறகு என்றுதான் சொல்வேன்.